பெரிய மீன் மாட்டினாலே தூண்டில் நரம்பு அறுந்துவிடுகிறது, எந்த நரம்பு வாங்குவது?

முத்துநகரான் (டர்பன்)

அனைவருக்கும் வணக்கம். சொந்த ஊர் தூத்துக்குடி. தென்னாப்பிரிக்காவில் இருக்கிற டர்பனுக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. துறைமுகத்துப் பக்கம் ஒரு பட்டறையில் வெல்டர் வேலை. வார விடுமுறையில் ஒரு நாள் கட்டாயம் கடற்கரையில்தான் இருப்பேன்.

அப்பாவும் சித்தப்பாவும் வள்ளத்தில் தூண்டிலுக்குப் போகிறவர்கள். கட்டையில் தங்கூசி நரம்பைச் சுற்றி வைத்துக்கொண்டு, கையாலேயே விட்டு கையாலேயே இழுப்பார்கள். பெரிய பெரிய பாரையை அப்பா அப்படி வள்ளத்தில் ஏற்றியதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அறுந்து நான் பார்த்ததே இல்லை. இங்கே கரையில் நின்று 13 அடிக் கோல், ரீல் எல்லாம் வைத்துக்கொண்டு போடுகிறேன், எனக்குத்தான் அறுந்துகொண்டே இருக்கிறது.

சாளை மீன் கூட்டம் வந்த ஜூன், ஜூலையில் மட்டும் ஆறு தடவை. எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன், காரணம் கண்டுபிடிக்க உதவும்.

முதல் தடவை மீனே இல்லை. வீசும்போது துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம், 5 அவுன்ஸ் ஈயம் தனியாகக் கடலுக்குள் பறந்துவிட்டது. பக்கத்தில் ஆள் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்னும் நினைத்தால் நடுங்குகிறது. அடுத்த இரண்டு தடவை ஷேட் மீன் என்று நினைக்கிறேன். டக் டக் என்று இரண்டு தட்டல், அப்புறம் கையில் கனமே இல்லை. இழுத்துப் பார்த்தால் தூண்டில் முள் இல்லை. நான்காவது இசிப்பிங்கோ பாறையில். ஏதோ பெரியது எடுத்துக்கொண்டு ஓடியது, ஒரு நிமிடம் கழித்து எங்கோ சிக்கியதுபோல் அப்படியே நின்றது, போய்விட்டது. ஐந்தாவதுதான் மனசை ரொம்பவே வருத்திய விஷயம். மீன் காலடி வரைக்கும் வந்துவிட்டது, நாலு கிலோவுக்குக் குறையாத பாரை. பாறைமேல் நின்று தூக்கினேன். பாதி உயரத்தில் அறுந்து, பாறையில் விழுந்து, அடுத்த அலையில் உருண்டு போனது. வாயில் முள்ளோடு போனது. ஆறாவது போன சனிக்கிழமை இரவு, கடற்கரைப் பாலத்தில். மீனுக்கும் எனக்கும் நடுவில் எங்கேயோ அறுந்து, முப்பது மீட்டருக்கு மேல் நரம்பு போய்விட்டது.

முதலில் போட்டிருந்தது 0.40 மில்லிமீட்டர் நைலான். நாலாவதுக்கு அப்புறம் 0.50 போட்டேன். அப்பவும் அறுந்தது, வீச்சு தூரமும் குறைந்துவிட்டது. கடைக்காரர் விலை கூடிய பிரெய்ட் (பின்னிய நரம்பு) ஒன்றைக் காட்டி இதை வாங்கு, அறுக்கவே அறுக்காது என்கிறார். வாங்கலாமா? வேறு எந்த நரம்பு நல்லது?

மணி_ரிச்சர்ட்ஸ்பே

வணக்கம் நண்பரே. நான் ஐந்து வருடமாக பிரெய்ட்தான் போடுகிறேன். அதே கனத்தில் நைலானைப்போல இரண்டு மடங்குக்கு மேல் தாங்கும். மெல்லிசாகப் போடலாம், காற்றில் தூரமாகப் போகும், சின்னத் தட்டல்கூடக் கைக்குத் தெரியும். முன்னால் இரண்டு மீட்டர் ஃப்ளோரோகார்பன் நரம்பு சேர்த்துக் கட்டிக்கொள்ளுங்கள். நான் துறைமுகத்துக்குள் படகிலிருந்து போடுகிறேன், அறுவது ரொம்பக் குறைவு. காசு இருந்தால் வாங்குங்கள்.

கரைவலை வீட்டுப் பிள்ளை (சாட்ஸ்வொர்த்)

தம்பி, நரம்பு வாங்குவதை இந்த வாரம் தள்ளி வையுங்கள். முதலில் ஒன்று சொல்லுங்கள்: அறுந்த நுனிகளைப் பார்த்தீர்களா?

எனக்கு 71 வயது. டர்பன் துறைமுகத்தில் சாலிஸ்பரி தீவிலும் ஃபின்லண்ட்ஸிலும் கரைவலை இழுத்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. தாத்தாவோடு வலை நின்றது. இனம் பார்த்து மக்களைத் தனித்தனி இடங்களில் குடியேற்றிய குரூப் ஏரியாஸ் சட்டத்தில் வீடு சாட்ஸ்வொர்த்துக்கு மாறிய பிறகு அப்பாவுக்குத் தூண்டில் மட்டும்தான் மிஞ்சியது. எனக்குத் தமிழ் எழுத்து ஆயா சொல்லிக்கொடுத்தது, தூண்டில் அப்பா சொல்லிக்கொடுத்தது.

பதினான்கு வயதில் முதன்முதலாக ஒரு கேரிக் மீனை விட்டேன். அப்பா திட்டுவார் என்று பயந்து நின்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தொங்கிக்கொண்டிருந்த நரம்பைப் பிடித்து, நுனியிலிருந்து ஒரு பாகம் (இரண்டு கையையும் விரித்த நீளம்) தூரம் வரை இரண்டு உதடுகளுக்கும் நடுவில் வைத்து மெதுவாக இழுத்துப் பார்த்தார். பிறகு நுனியை சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "பாறை" என்றார். அவ்வளவுதான். மூன்றடி வெட்டி எறிந்துவிட்டு மறுபடி முள் கட்டிக் கொடுத்தார். விரலைவிட உதட்டுக்குச் சொரசொரப்பு நன்றாகத் தெரியும். இன்றைக்கும் நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

நரம்பு எந்தக் காரணத்தால் அறுந்ததோ, அது நுனியிலேயே எழுதியிருக்கும். கத்தரிக்கோலால் வெட்டினதுபோல் சுத்தமாக இருந்தால் பல். ஷேட், நம் ஊரில் வஞ்சிரம் என்று சொல்கிற கூட்டா, இவையெல்லாம் பல்லுக்காரர்கள். நுனி வெளுத்து, சப்பையாகி, அதற்கு மேலே இரண்டு மூன்று அடிக்குச் சொரசொரவென்று இருந்தால் பாறை, இல்லையென்றால் பாறையில் ஒட்டியிருக்கும் சிப்பி. நுனி பன்றிவால் மாதிரி சுருண்டுகொண்டிருந்தால் நரம்பு அறுக்கவே இல்லை, முடிச்சு வழுக்கி அவிழ்ந்திருக்கிறது. முடிச்சு இருந்த இடத்திலேயே, சுருள் இல்லாமல் அறுந்திருந்தால் முடிச்சைக் கட்டும்போதே நரம்பைக் கெடுத்துவிட்டீர்கள். நுனி மெலிந்து இழுபட்டு நீண்டிருந்தால்தான், நரம்பு தன் முழு பலத்தையும் கொடுத்துவிட்டு, அதற்கு மேல் முடியாமல் போயிருக்கிறது. என் அனுபவத்தில் இந்தக் கடைசி வகை ரொம்ப அபூர்வம். அதனால்தான் கனமான நரம்பு வாங்கியும் உங்களுக்கு அறுந்தது.

மணி தம்பி சொன்னதில் தப்பில்லை. படகிலிருந்து திறந்த தண்ணீரில் பிரெய்ட் நல்ல சாமான். ஆனால் அதற்கு நீண்டு கொடுக்கும் தன்மை கிடையாது. நைலான் ரப்பர்போல நீண்டு கொடுக்கும், மீன் திடீரென்று தலையை ஆட்டினால் அந்த அடியைத் தாங்கிக்கொள்ளும். பிரெய்ட் நீளாது. அது பல மெல்லிய இழைகளை முறுக்கிப் பின்னியது, இசிப்பிங்கோ பாறையில் இருக்கும் பழுப்புச் சிப்பியில் இழுபட்ட நிலையில் லேசாக உரசினால் போதும், ஒவ்வொரு இழையாகப் போய்விடும். உங்கள் நாலாவது மீனுக்கு பிரெய்ட் இருந்திருந்தால் இன்னும் சீக்கிரம் போயிருக்கும்.

பையில் பழைய ட்ரேஸ் (முள் கட்டுகிற துண்டு நரம்பு), முள் எடுத்த மிச்சம், ரீலில் இருக்கிற நுனி, எது இருந்தாலும் எடுத்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

முத்துநகரான்

ஐயா, பதில் படித்ததும் பையைக் கொட்டிப் பார்த்தேன். நல்லவேளை, நான் எதையும் தூக்கிப் போடுகிற ஆள் இல்லை. கடலில் நரம்பைப் போடக்கூடாது என்று அப்பா சொல்லுவார், அதனால் மிச்சம் மீதியை ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு வைப்பேன்.

ஷேட் என்று நினைத்த இரண்டும் நீங்கள் சொன்னபடியே, பிளேடால் அறுத்த மாதிரி. இசிப்பிங்கோ நுனியை உதட்டில் வைத்துப் பார்த்தேன், மணல் காகிதம்போல் இருந்தது. முழங்கை நீளத்துக்கு மேல் அப்படியே இருக்கிறது. அதைப் பார்க்காமல் 0.50 மாற்றுவதற்கு முன் அடுத்த வாரமும் அதே நரம்பில் மறுபடி முள் கட்டியிருக்கிறேன் என்று இப்போதுதான் புரிகிறது.

பாறையில் விழுந்த பாரையின் நுனி சுருண்டு இல்லை. முடிச்சு இருந்த இடத்தில் நரம்பு கொஞ்சம் நெளிந்து, வெள்ளையாக இருக்கிறது. வீசும்போது அறுந்ததன் நுனி மெலிந்து இழுத்த மாதிரி இருக்கிறது.

பாலத்தில் போனதுதான் புரியவில்லை. நுனி சுத்தமாகவும் இல்லை, சொரசொரப்பும் இல்லை. ஒரு பக்கம் மட்டும் சீவின மாதிரி இருக்கிறது. அங்கே அடியில் மணல்தான், பாறை கிடையாது.

கரைவலை வீட்டுப் பிள்ளை

டப்பாவில் போட்டு வைத்தீர்களே, உங்கள் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

ஒவ்வொன்றாக வருவோம். பாரையை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அதில் இரண்டு தவறு சேர்ந்திருக்கிறது.

நைலான் முடிச்சை நீங்கள் எப்படி இறுக்குகிறீர்கள்? காய்ந்தபடியே ஒரே வெட்டில் இழுத்திருப்பீர்கள். ஐந்து சுற்று ஒன்றின்மேல் ஒன்று தேய்ந்து இறுகும்போது சூடு பிறக்கும். அந்தச் சூட்டில் நைலான் வெந்துபோகும். நீங்கள் சொன்ன நெளிவும் வெள்ளையும் அதுதான். எச்சில் வைத்து நனைத்துவிட்டு, மெதுவாக, ஒரே சீராக இழுக்க வேண்டும். இழுக்கும்போது கண்ணை எடுக்கக்கூடாது. சுற்றுகள் பாய் முடைந்ததுபோல் பக்கத்தில் பக்கத்தில் படிய வேண்டும். ஒரு சுற்று இன்னொன்றின்மேல் ஏறியிருந்தால், மீன் இழுக்கும்போது அந்தச் சுற்றே அடியில் இருக்கிற நரம்பை அறுக்கும். ஏறியிருந்தால் வெட்டிப் போட்டுவிட்டு மறுபடி கட்டுங்கள். நான் இந்த வயதிலும் இரண்டு தடவை, மூன்று தடவை கட்டுவேன். கட்டி முடித்ததும் முள்ளை எதிலாவது மாட்டி, நரம்பைத் துணியில் சுற்றிக்கொண்டு நன்றாக இழுத்துப் பார்ப்பேன். முடிச்சு கரையில் போகட்டும், மீன் வாயில் போக வேண்டாம்.

இன்னொன்று, சாதாரண ஒற்றை முடிச்சு நரம்பில் தானாக விழுந்துவிடும். காற்றில் வீசும்போது விழும். அதைப் பார்த்தும் பார்க்காததுபோல விட்டுவிட்டால், நரம்பின் பலத்தில் கிட்டத்தட்டப் பாதி அங்கேயே போய்விடும். நைலான் தண்ணீரில் ஊறினால் பத்து முதல் இருபது சதவீதம் வரை பலம் குறையும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டப்பாமேல் பத்து கிலோ என்று போட்டிருந்தால் உங்கள் கையில் இருப்பது பத்து கிலோ இல்லை.

இரண்டாவது தவறு, நரம்பைப் பிடித்து மீனைத் தூக்கியது. தண்ணீருக்குள் மீனுக்குக் கனமே இல்லை, அது நீந்துகிற பலம் மட்டும்தான். தண்ணீரைவிட்டு மேலே வந்த நிமிடத்திலிருந்து முழுக் கனமும் நரம்பில். அதோடு நாலு கிலோ பாரை அந்தரத்தில் ஒரு உதறு உதறினால் அது நாலு கிலோ இல்லை, அதற்கு மேலே எவ்வளவோ. வெந்துபோன முடிச்சு அதை எப்படித் தாங்கும்? பாறையில் நிற்கும்போது அலை மீனை மேலே கொண்டுவந்து வைக்கும் இடத்தை முன்னாலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரையைப் போடும் முன்பே நான் அதைத்தான் பார்ப்பேன், எங்கே போடுவது என்பதை அப்புறம்தான் பார்ப்பேன். இடம் இல்லையென்றால் கொக்கியோ வலையோ வைத்திருக்கிற துணைக்காரர் வேண்டும்.

அலையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீவாடு (கடல் நீரோட்டம்) பார்த்து வளர்ந்தவர். ஆனால் வள்ளத்தில் நீங்களும் மீனும் ஒரே தண்ணீரில் மிதக்கிறீர்கள். அப்பாவுக்கு அறுக்காததற்கு அது ஒரு காரணம். கரையில் நீங்கள் அசையாமல் நிற்கிறீர்கள், மீன் மட்டும் அலையில் போய்ப் போய் வருகிறது. அலை ஏறி வரும்போது மீனும் கூட வரும், அப்போது வேகமாகச் சுற்றுங்கள். அலை திரும்பி வாரிக்கொண்டு போகும்போது, மீனின் கனத்தோடு கடலின் இழுப்பும் சேர்ந்துவிடும். அந்த நேரம் பிடித்து நிறுத்தினால் எந்த நரம்பும் போகும். விட்டுக்கொடுங்கள். ஐந்தடி போகட்டும், பத்தடி போகட்டும், அடுத்த அலை அதைத் திரும்பக் கொண்டுவரும். காலடியில் வந்து போகிற மீன்களில் பெரும்பாலும் இப்படிப் போவதுதான்.

உங்கள் ரீலில் டிராக், மீன் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கிற அந்தப் பிடி, எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது?

செல்வி_வெருலம்

அண்ணா, பாலத்தில் போனதைப் பற்றி நான் சொல்லலாமா? ஒரு பக்கம் மட்டும் சீவினதுபோல் இருந்தால், மீன்மேல் பழி போடாதீர்கள். கோலில் இருக்கிற வளையங்களைப் பாருங்கள்.

நானும் என் அப்பாவும் ப்ளூ லகூனில் போடுவோம். போன வருடம் எனக்கும் இதேதான், எந்த மீனும் இல்லாமலே நடுவில் நடுவில் அறுந்தது. வளையத்துக்குள் இருக்கிற பீங்கான் மாதிரியான வளையத்தில் முடியளவு கீறல். கண்ணால் பார்த்தால் தெரியவே இல்லை. அம்மாவின் பஞ்சை எடுத்து ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் விட்டுச் சுற்றினேன். நுனி வளையத்தில் பஞ்சு இழை மாட்டிக்கொண்டது. அங்கேதான். கோலை காரில் குறுக்கே வைத்துக் கதவைச் சாத்தினபோது அடிபட்டிருக்கும். நுனி வளையத்தை மட்டும் மாற்றினேன், செலவு கொஞ்சம்தான். ரீலில் நரம்பு திரும்புகிற உருளையையும் அதே பஞ்சை வைத்துப் பாருங்கள், உப்பு பிடித்து அது சுற்றாமல் நின்றுவிட்டால் நரம்பு அதில் தேய்ந்துகொண்டே போகும்.

இன்னொரு விஷயம், நரம்பை எங்கே வாங்கினீர்கள்? ஒரு கடையில் கண்ணாடி ஜன்னலில் வெயில் படும்படி அடுக்கி வைத்திருந்த நரம்பை விலை குறைத்துக் கொடுத்தார்கள். வாங்கி வந்து கட்டினால் முடிச்சு முடிச்சாக அறுந்தது. வெயில் நைலானைக் கெடுத்துவிடும். நாங்கள் ரீலைத் துணிப்பையில் போட்டு அலமாரிக்குள் வைக்கிறோம். வருடத்துக்கு ஒரு தடவை, சாளை வருவதற்கு முன்னால், மே மாதத்தில் புது நரம்பு சுற்றிவிடுவோம்.

ஷேட் மீனுக்கு முள்ளுக்கு முன்னால் ஒரு விரல் நீளம் கம்பி போட்டால் போதும். நிறையப் பேர் ஒரு அடி போடுகிறார்கள், அதைப் பார்த்தால் தண்ணீர் தெளிவாக இருக்கிற நாளில் மீன் எடுக்காது. கம்பி பிடிக்காதவர்கள் தண்டு நீளமான முள் போடுவார்கள், பல் முள்ளின் தண்டில் படும், நரம்பில் படாது. ஒரு நாளைக்கு நாலுதான், 30 சென்டிமீட்டருக்குக் குறைந்ததை விட்டுவிட வேண்டும், அக்டோபர் நவம்பர் இரண்டு மாதம் பிடிக்கவே கூடாது. தெரிந்திருக்கும், இருந்தாலும் புதிதாக வந்தவர் என்பதால் சொல்கிறேன்.

மணி_ரிச்சர்ட்ஸ்பே

பெரியவர் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். நான் பாறையில் நின்று போட்டதே இல்லை, எனக்கு அந்தச் சிப்பி விஷயம் தோன்றவில்லை. படகுக்காரன் புத்தியில் சொல்லிவிட்டேன். கடைக்காரரிடம் பிரெய்ட் வாங்க வேண்டாம் நண்பரே.

முத்துநகரான்

செல்வி, நீங்கள் சொன்னது அப்படியே சரி. நுனியிலிருந்து இரண்டாவது வளையம். பஞ்சு மாட்டிக்கொண்டது. நகத்தை வைத்துத் தடவினால் இப்போது எனக்கே தெரிகிறது, இத்தனை நாள் தெரியவில்லை. ரொம்ப நன்றி.

ஐயா, டிராக்கை முழுசாக இறுக்கித்தான் வைத்திருந்தேன். விட்டால் பாறைக்குள் போய்விடும் என்ற பயம். வீசும்போது அறுந்ததற்கும் அதுதான் காரணமா?

கரைவலை வீட்டுப் பிள்ளை

இல்லை தம்பி, அதற்குக் காரணம் லீடர் இல்லாததுதான். ஆனால் டிராக்கும் சரியில்லை. இரண்டையும் சொல்கிறேன்.

5 அவுன்ஸ் ஈயம் கோலின் பின்னால் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஒரு வீச்சில் அதை நின்ற நிலையிலிருந்து அம்பு வேகத்துக்குக் கொண்டு போகிறீர்கள். அந்த ஒரு நொடி நரம்பில் வருகிற அடி, பல மீன்கள் இழுப்பதைவிட அதிகம். 0.40 நைலான் அதற்குச் செய்ததில்லை. அதற்கு முன்னால் கனமான நரம்பு ஒரு துண்டு சேர்க்க வேண்டும், அதுதான் லீடர். இங்கே பழைய கணக்கு ஒன்று உண்டு: ஈயத்தின் ஒவ்வொரு அவுன்ஸுக்கும் பத்து பவுண்டு. 5 அவுன்ஸுக்கு 50 பவுண்டு தாங்குகிற நரம்பு, ஏறக்குறைய 0.75 அல்லது 0.80 மில்லிமீட்டர். நீளம் கோலைப்போல இரண்டு மடங்கு. ஈயம் தொங்கும்போது லீடர் கோல் முழுக்க வந்து, ரீலிலும் ஐந்தாறு சுற்று இருக்க வேண்டும். அப்படி இருந்தால்தான் வீசும்போது மெல்லிய நரம்பில் அடி விழாது. பாறை ஓரத்தில் உரசுவதும் அந்தக் கனமான பகுதிதான். இதைக் கட்டிய பிறகு 0.50 உங்களுக்குத் தேவையே இல்லை, 0.40-க்கே திரும்பிப் போங்கள். வீச்சுத் தூரமும் திரும்ப வந்துவிடும்.

இரண்டு நரம்பையும் சேர்க்கிற முடிச்சு சின்னதாக, வழவழப்பாக இருக்க வேண்டும், வளையங்களில் இடறக்கூடாது. வீட்டில், இருட்டில், ரேடியோ கேட்டுக்கொண்டே கட்டிப் பழகுங்கள். அதிகாலை நாலரை மணிக்குக் குளிரில் விறைத்த விரலால் கட்ட வேண்டி வரும். ரீலில் சுற்றும்போது அந்த முடிச்சு விரல் படுகிற இடத்தில் வராமல் ஓரமாக ஒதுக்குங்கள். வீசும்போது விரலைக் கிழித்துவிடும்.

இனி டிராக். என் அப்பா கடைசிவரைக்கும் ஸ்கார்பரோ ரீல்தான். டர்பன் கடற்கரையில் அந்தக் காலத்து ஆட்கள் எல்லாரிடமும் அதைப் பார்க்கலாம். பெரிய சக்கரம், கைப்பிடி நேராக அதிலேயே, டிராக் என்று ஒன்றும் கிடையாது. மீன் ஓடினால் கைப்பிடியை விட்டுவிட்டு, உள்ளங்கையை சக்கரத்தின் விளிம்பில் வைப்பார். கை லேசாகப் படும், மீன் ஓடும். மீன் சோர்ந்தால் கை கொஞ்சம் அழுத்தும். அவருடைய வலது உள்ளங்கையின் அடிப்பகுதி தோல் செருப்புத் தோல் மாதிரி தடித்துப் பளபளவென்று இருக்கும். சின்ன வயதில் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். மீன் எப்போது ஓடப்போகிறது என்று அந்தக் கைக்கு முன்னாலேயே தெரியும். உங்கள் அப்பா கையால் நரம்பைப் பிடித்தாரே, அதுவும் இதுதான். அவர் நரம்பு நல்ல நரம்பு என்பதால் அறுக்காமல் இருக்கவில்லை. அவர் விரல்கள் விட்டுக்கொடுத்தன.

உங்கள் ரீலில் அந்த வேலையை டிராக் செய்ய வேண்டும், அதை இறுக்கி மூடிவிட்டால் கையைக் கட்டிப்போட்ட மாதிரி. கொக்கியில் தொங்கவிடுகிற ஸ்பிரிங் தராசு ஒன்று வாங்குங்கள். கோலைப் பிடித்து நிற்கச் சொல்லி, நரம்பின் நுனியைத் தராசில் கட்டி இன்னொருவரை இழுக்கச் சொல்லுங்கள். பத்து கிலோ நரம்பு என்றால் இரண்டரை, மிஞ்சிப் போனால் மூன்று கிலோவில் டிராக் விட ஆரம்பிக்க வேண்டும். அதற்கு மேல் வேண்டாம். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது: மீன் நரம்பை எடுத்துக்கொண்டு போகப் போக ரீலில் சுற்று குறைந்து விட்டம் சின்னதாகும். விட்டம் பாதியானால் அதே டிராக் இரண்டு மடங்கு இழுக்கும். பெரிய மீன் தூரத்தில் இருக்கும்போது, பயத்தில் இன்னும் இறுக்கத் தோன்றும். அப்போதுதான் ஒரு கால் சுற்று தளர்த்த வேண்டும்.

பாறைக்குள் போய்விடும் என்ற பயம் நியாயமானது. அதற்குக் கோலை ஒரு பக்கமாகச் சாய்த்து, மீனின் தலையைத் திருப்புங்கள். நேராக எதிர்த்து இழுத்தால் அது இன்னும் நேராகவே ஓடும். உள்ளே போய்விட்டால் இழுக்காதீர்கள், நரம்பைத் தளர விட்டு ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் சும்மா நில்லுங்கள். இழுப்பு இல்லையென்றால் சில சமயம் மீன் தானாகவே வெளியே நீந்தி வரும். இசிப்பிங்கோவில் அப்படி எனக்கு வந்திருக்கிறது.

ஒவ்வொரு மீனுக்கும், ஒவ்வொரு சிக்கலுக்கும் பிறகு கடைசி ஒரு பாகத்தை உதட்டில் வைத்துப் பாருங்கள். சொரசொரப்பு இருந்தால் வெட்டுங்கள். நரம்புக்காக வருத்தப்பட வேண்டாம்.

முத்துநகரான்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். இரண்டு சனிக்கிழமை காற்று பலமாக இருந்ததால் போகவில்லை. அந்த நேரத்தில் வளையம் மாற்றினேன், 0.40-ஐயே புதிதாகச் சுற்றி 0.80 லீடர் கட்டினேன். தராசு வாங்கினேன். கூட வேலை செய்கிற பையனை நிற்க வைத்து இழுக்கச் சொன்னபோது, என் பழைய டிராக் எட்டு கிலோவுக்கு மேலும் அசையவில்லை. மூன்றுக்குக் கொண்டுவந்தால் கையில் ரொம்பத் தளர்வாகத் தோன்றியது. இருந்தாலும் அப்படியே விட்டேன்.

நேற்று காலை இசிப்பிங்கோ. உயிரோடு ஒரு மடவையைக் கோர்த்துப் போட்டேன். ஆறேகால் மணி இருக்கும், ரீல் அலறியது. முதல் ஓட்டத்தில் எவ்வளவு நரம்பு போனது என்று தெரியவில்லை, கை தானாகவே டிராக்கை இறுக்கப் போனது. பிடித்து நிறுத்திக்கொண்டேன். அப்புறம் நீங்கள் சொன்னபடி கால் சுற்று தளர்த்தினேன். இருபது நிமிடத்துக்கு மேல் ஆனது. கடைசியில் காலடிக்கு வந்து, அலை திரும்பும்போது இரண்டு தடவை போனது. இரண்டு தடவையும் விட்டேன். மூன்றாவது அலை அதைப் பாறையின் தட்டையான பக்கத்தில் கொண்டுவந்து வைத்தது. பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் இறங்கி வாலைப் பிடித்துவிட்டார்.

கேரிக், 84 சென்டிமீட்டர். 70 இருந்தால் போதும் என்பதால் எடுத்துக்கொண்டேன். அப்பாவுக்குப் போனில் காட்டினேன், ஒன்றும் பேசாமல் ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம், முடிச்சைக் காட்டு என்றார்.

முள்ளுக்கு மேலே நரம்பு ஒன்றரை அடிக்குச் சொரசொரப்பாக இருந்தது. மீனின் வாய் ஓரம் தேய்த்திருக்கும். வெட்டிவிட்டேன்.

மறுபடி போட்டதில் ஷேட் ஒன்று வந்தது, கம்பியில் நன்றாகப் பல் தடம். அதற்குப் பிறகு ஒன்று அறுந்தது ஐயா. ரொம்பப் பெரியது, நிறுத்தவே முடியவில்லை, ரீலில் நரம்பு தீரும் வரைக்கும் போய், ரீலின் அடி முடிச்சில் நின்று அறுந்தது. நுனி மெலிந்து நூல்போல் நீண்டிருந்தது.

செல்வி_வெருலம்

அண்ணா, வாழ்த்துக்கள்! அந்தப் பெரியது பெரிய திருக்கையாகவோ சுறாவாகவோ இருக்கலாம், இங்கே இரண்டும் இரைக்கு வரும், நிறுத்தவே முடியாது. ரீலில் நரம்பு கால் பங்கு மிஞ்சும்போதே கோலைத் தாழ்த்தி, நரம்புக்கு நேராகப் பிடித்து, ரீலைக் கையால் அமுக்கி அறுத்துவிடுங்கள். அப்போது முள்ளுக்குப் பக்கத்தில் அறுக்க வாய்ப்பு அதிகம், அவ்வளவு நரம்பும் மீனோடு இழுபட்டுப் போகாது. கையில் துணி சுற்றிக்கொள்ளுங்கள், நரம்பை வெறும் கையில் சுற்றவே கூடாது.

கரைவலை வீட்டுப் பிள்ளை

செல்வி சொன்னதைக் கேளுங்கள், தம்பி.

84 சென்டிமீட்டர் கேரிக் எனக்கும் இந்த வருடம் கிடைக்கவில்லை. அப்பா முடிச்சைக் கேட்டார் பாருங்கள், அதுதான் தூண்டில்காரர் கேட்கிற கேள்வி.

நாளை மறுநாள் காற்று விழுந்துவிடும் என்கிறார்கள். சனிக்கிழமை காலை நான் இசிப்பிங்கோவுக்கு வருவேன், தண்ணீர் ஏறத் தொடங்கும்போது. பழைய ஸ்கார்பரோ ரீலைக் கொண்டுவருகிறேன். ஒரு தடவை உங்கள் கையில் பிடித்துப் பாருங்கள்.